இன்னும் ஏறாதவர்

நவம்பர் 25

அம்மாவும் அத்தையும் தூங்கிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்கக் கொண்டுவந்த அறிவியல் நோட்டின் பின்பக்கம் இது. இங்கே நடப்பது எதுவும் ஓசூரில் யாருக்கும் தெரியக் கூடாது, பள்ளிக்கூடத்தில் வாயே திறக்கக் கூடாது என்று அம்மா பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள். நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. ஆனால் எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

பஸ் மலைமேல் ஒரு செக்போஸ்ட்டோடு நின்றுவிட்டது. அதற்கப்புறம் ஜீப். பாதை கீழே கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. இருபுறமும் மலை நெருங்கி வந்து வானம் ஒரு கீற்றாக ஆனபோது அப்பா கையை நீட்டிக் காட்டினார். மரங்களுக்கு மேலே துருப்பிடித்த இரும்புக் கோபுரம், அதன் தலையில் ஒரு பெரிய சக்கரம். அதுதான் தொட்டகணி. செம்பு தோண்டிய ஊர். நான் பிறப்பதற்கு முன்பே கம்பெனி மூடிவிட்டுப் போய்விட்டது. வரிசை வரிசையாக லைன் வீடுகள் மட்டும் நிற்கின்றன. பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குள் ஆலமரம் வளர்ந்திருக்கிறது.

வருஷம் முழுக்க இங்கே யாரும் கிடையாது. சுரங்கக்காரர்களைக் காக்கிற பார்பராம்மாவின் திருவிழாவுக்கு மட்டும் பழைய ஆட்கள் எங்கெங்கிருந்தோ வருவார்கள். கொடியேற்றத்தில் தொடங்கித் திருவிழா முடியும்வரை அவரவர் பழைய வீட்டைக் கூட்டி, சுண்ணாம்பு அடித்து, அங்கேயே சமைத்து, அங்கேயே படுப்பார்கள். யார் எந்த லைனில் இருந்தார்களோ அந்த லைனில்தான் படுக்க வேண்டும். அது இங்கே சட்டம் மாதிரி.

நாங்கள் ஒருமுறைகூட வந்ததில்லை. ஏன் என்று போன வாரம்தான் அம்மா சொன்னாள். அப்பாவுக்கு முன்னால் அம்மாவுக்கு இன்னொருவரோடு கல்யாணம் ஆகியிருந்தது. பெயர் மதலைமுத்து. காலை ஷிப்டுக்குக் கீழே போனவர் மேலே வரவில்லை. பாறை சரிந்துவிட்டது. தோண்டிப் பார்த்து முடியாமல், கம்பெனி அந்த இடத்தைக் காங்கிரீட் சுவர் வைத்து அடைத்துவிட்டது. உடம்பு கிடைக்கவில்லை. அப்படி உள்ளேயே இருந்துவிட்டவர்களை இங்கே செத்துப்போனார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "இன்னும் ஏறலை" என்பார்கள்.

திருவிழா அன்று, சுரங்கத்துக்குள் இறங்கும் குழிவாயில் அவர்கள் பெயரைக் கூப்பிடுவார்கள். வீட்டு ஆள் ஒருவர் "ஏறலை" என்று பதில் சொல்ல வேண்டும். சம்சாரம் வந்திருந்தால் அவள்தான் சொல்ல வேண்டும். அவள் "ஏறிட்டார்" என்று சொல்லிவிட்டால் அந்தப் பெயரை அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள். அன்றோடு அவள் வேறு கல்யாணம் செய்துகொள்ளலாம்.

அம்மா அதைச் சொல்லாமலே அப்பாவோடு போய்விட்டாள். கோயிலில் தாலி கட்டவில்லை. ஓசூர் சாமியார் எத்தனையோ தடவை கட்டி வைக்கிறேன் என்றாராம். லைனில் வந்து சொல்லாமல் கட்டிக்க மாட்டேன் என்று அம்மாதான் பிடிவாதம். அதனால் இத்தனை வருஷமாக அவள் பூசையில் நன்மை வாங்குவதில்லை. எல்லோரும் வரிசையில் போகும்போது பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாள். முட்டிவலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தடவை சொல்லியே ஆக வேண்டும் என்கிறாள். ஏன் இந்தத் தடவை என்று கேட்டேன். பையைத் திறந்து துணிகளை மறுபடியும் மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஏழாம் லைன் வீட்டு வாசலில், இன்னும் ஏறாத அவருடைய அக்கா நின்றிருந்தார். பெயர் அருளாயி. நான் அத்தை என்று கூப்பிட வேண்டுமாம். உயரமானவர், இடது கையில் ஒரு விரல் மடங்கியே இருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா படிக்கிற?"

"ஒன்பதாவது."

"உள்ள வா. செருப்ப வெளியே வுடு."

அம்மாவையும் வரச் சொன்னார். அப்பா பையைத் தூக்கிக்கொண்டு படியேறப் போனபோது மட்டும் வாசலை மறித்தாற்போல நின்றார். அப்பாவைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னார்: "அவரு சிங்கிள் லைன்ல இருந்தவரு. அங்க போய்ப் படுக்கட்டும்."

கல்யாணமாகாத ஆட்கள் இருந்த கொட்டடி அது. அப்பா சரிக்கா என்று சொல்லிவிட்டுப் போனார். பையைக்கூட கீழே வைக்கவில்லை.

நவம்பர் 26

பகல் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தோம். இது அவருடைய வீடு. ஒரு அறை, ஒரு சமையலறை, பின்னால் குளிக்கிற கல். சுவரில் ஒரு ஆணி இருக்கிறது. அதன்மேல் சுண்ணாம்பு பட்டதும் அத்தை ஓடி வந்து முந்தானையால் துடைத்தார். அங்கேதான் தலைவிளக்குத் தொப்பியை மாட்டுவாராம்.

அத்தை அதிகம் பேசுவதில்லை. பேசினால் சாதாரணமாகவே பேசுகிறார், அதுதான் பயமாக இருக்கிறது. மத்தியானம் சாப்பிடும்போது நான் தண்ணீர்ச் செம்பைத் தரையில் டங்கென்று வைத்துவிட்டேன். மெதுவா வை என்றார். கீழே போகும் குடைவு ஏழாம் லைனுக்கு நேர் அடியில்தான் போகிறதாம். "நம்ம காலுக்குக் கீழதான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

இப்போது அந்தத் தரையில்தான் படுத்திருக்கிறேன். பாய்க்குக் கீழே சிமெண்ட், அதற்குக் கீழே மண், பாறை. கவிழ்ந்து படுத்தால் அவரைப் பார்த்துப் படுத்த மாதிரி இருக்கிறது. மல்லாந்து படுத்தால் அவர் என் முதுகைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

நவம்பர் 27

மழை. அம்மா காலையில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். ஊற்றுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையாம். எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

நவம்பர் 28

ஊற்றடியில் இன்று நான்கைந்து பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் கிளாரா என்பவர் மூன்றாம் லைன்காரர். நான் குடத்தோடு போனதும் பேச்சு நின்றது. பிறகு கிளாரா யாரையும் பார்க்காமல் துணியைக் கும்மிக்கொண்டே சொன்னார்: "பைப்புக்குக் காது வெச்ச இன்னாசிக்கு நல்ல பொண்ணாத்தான் பொறந்திருக்கு. காது மட்டும் கூர்மையா இருக்கும்." இன்னாசி என் அப்பா பெயர். மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சும்மா இருடி, சின்னப் பிள்ளை என்றாள்.

சின்னப் பிள்ளை என்பதால் என்னிடமே விளக்கமாகச் சொன்னார்கள். பாறை சரிந்த பிறகும் காற்றுக் குழாய் ஒன்று உடையாமல் இருந்ததாம். கீழே துளை போடும் இயந்திரத்துக்குக் காற்று போகிற இரும்புப் பைப். அடைபட்டவர்கள் அதைத் தட்டினால் மேலே கேட்கும். அவர் தட்டினார். மேலே நாலு பேர் முறை வைத்துப் பைப்பில் காதை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் நின்றபோது முறை என் அப்பாவுடையது. நின்றுவிட்டது என்று சொன்னவர் அவர்தான். அதற்கப்புறம்தான் தோண்டுவதை நிறுத்தினார்கள். கொஞ்ச காலத்தில் அம்மா அப்பாவோடு ஓசூர் போய்விட்டாள்.

அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை என்பதுபோல் துணியைப் பிழிந்தார்கள்.

சாயங்காலம் அப்பாவைத் தேடிக்கொண்டு குழிவாய்க்குப் போனேன். அங்கே பிரகாசம் மாமாவும் இருந்தார். இவர் ஆட்கள் போகும் இரும்புக் கூண்டை, கேஜை, ஏற்றி இறக்கும் எந்திரத்தை ஓட்டியவர். எல்லோரையும் இறக்கியதும் இவர், ஏற்றியதும் இவர். அதனால் பெயர் கூப்பிடுவதும் இவர்தான். இப்போது முதுகு வளைந்துவிட்டது, குரல் மட்டும் வளையவில்லை என்று அவரே சொல்லிச் சிரிக்கிறார். குழிவாயைக் காங்கிரீட் மூடி போட்டு அடைத்திருக்கிறார்கள். பக்கத்துத் தூணில் கேஜ் மணி தொங்குகிறது. அதன் கம்பி அறுந்திருந்தது. அப்பா பிட்டர் என்பதால் மாமா அவரைச் சரிசெய்யச் சொல்லியிருந்தார்.

அப்பாவிடம் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. குழி எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். ஒரு கல் போட்டால் பத்து எண்ணலாம் என்றார். சாப்பிட்டியா என்று கேட்டார். கம்பியை முறுக்கும்போது அவர் கை நடுங்கவில்லை. அதை ஏன் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 29

அறிவியல் இரண்டாம் பாடம் படித்தேன். ஒன்றும் ஏறவில்லை. "ஏறவில்லை" என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. இந்த ஊரில் அந்த வார்த்தையைச் சும்மா எழுத முடியவில்லை.

நவம்பர் 30

இன்று அம்மா அத்தையிடம் பேசினாள். நான் திருவிழாக் கடையில் தின்பண்டம் வாங்கப் போனதாக நினைத்துக்கொண்டார்கள். செருப்பைத் தேடிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

முதலில் அரிசி களைவது பற்றிப் பேசினார்கள். பிறகு அம்மா, "அண்ணி, நாலாம் தேதி நான் சொல்லப்போறேன்" என்றாள். அத்தை வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. என்ன சொல்லப்போற என்றார். பதிலுக்குக் காத்திராமல் அத்தையே சொன்னார்:

"அவன் அங்க இருக்கான். நீ எப்படி ஏறிட்டான்னு சொல்லுவ? ஏறி எங்க போனான்? உன் கூட ஓசூர் வந்தானா?"

"அண்ணி, எனக்கு மட்டும் ஆசையா?"

"உனக்குப் புருஷன் கெடச்சான். எனக்குத் தம்பி வேற எவன் கெடப்பான்?" அத்தை குரலை உயர்த்தவே இல்லை. "நீ சொல்லு. உன் உரிமை. நீ ஏறிட்டார்னு சொன்னா, பக்கத்துலயே நின்னு நான் ஏறலைன்னு சொல்லுவேன். ஊரே கேக்கட்டும். யாரு சொல்றது நிக்குதுன்னு பாப்போம்."

அம்மா வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காததுபோல இருவரும் நடித்தோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலிப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். ஊற்றுத் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறாள், அப்படியும் சரியாகவில்லை.

ஒரு பெயருக்கு இரண்டு பதில் சொன்னால் என்ன ஆகும் என்று பிரகாசம் மாமாவிடம் போய்க் கேட்டேன். யாருக்காகக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. அப்படி இதுவரை நடந்ததில்லை, நடந்தால் பெயர் நிற்கும், ஏறலைன்னு ஒரு குரல் இருக்கிற வரைக்கும் நான் கூப்பிட்டுத்தான் ஆகணும் என்றார்.

அப்படியென்றால் அத்தை ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா இவ்வளவு தூரம் வந்தது வீண். அப்பா மறுபடியும் எங்களுக்கு யாருமில்லை என்று ஆகிவிடுவார். நானும் அப்படித்தான்.

டிசம்பர் 1

ஜெபத்துக்குப் போனோம். பார்பராம்மா சுரூபத்துக்கு முன்னால் முட்டிபோட்டு வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுத மாட்டேன். அதற்காகப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியிருக்கும். இறந்தவருக்காக வேண்டுவது புண்ணியம். ஒருவர் இறந்தவராகவே இருக்க வேண்டும் என்று வேண்டுவது என்ன என்று தெரியவில்லை.

டிசம்பர் 2

அத்தை விழித்திருக்கலாம். மூச்சு சீராக இல்லை.

மத்தியானம் எல்லோரும் தேர் அலங்காரத்துக்குப் போயிருந்தார்கள். அம்மா படுத்திருந்தாள். நான் வீட்டுக்குப் பின்னால் போனேன். ஏழாம் லைன் முதுகோடு ஒட்டினாற்போல ஒரு பைப் போகிறது. கல் தூண்களின் மேல், என் இடுப்பு உயரத்தில், குழிவாய் வரைக்கும். ஊரில் மற்ற இரும்பை எல்லாம் வியாபாரிகள் வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இந்த ஒன்றை மட்டும் வெட்ட விடாமல் அத்தை அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாராம். போலீஸ் வந்தும் இறங்கவில்லையாம். சுண்ணாம்பு அடித்த அன்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது.

என் கையில் ஒரு கல் இருந்தது. தெரியாமல் பட்டுவிட்டது.

சத்தம் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. பைப் முழுக்க ஓடி, தூரத்தில் எங்கேயோ இறங்கிப் போனது. நான் பைப்பில் காதை வைத்தேன். இரும்பு வெயிலில் சுட்டது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு தொம் தொம் என்று கேட்டது. ஆள் ஓடி வருகிற சத்தம். என்னை நோக்கி வந்தது. காதை எடுக்க முடியவில்லை.

அத்தைதான் ஓடிவந்தார். இரண்டு கையும் மாவாக இருந்தது. அவர் தேருக்குப் போகவில்லை, லைன் கோடியில் அப்பத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்திருக்கிறார். முந்தானை எங்கேயோ, தலைமுடி எங்கேயோ. வந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. பைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காதை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

வேறு வீடுகளிலிருந்தும் சிலர் வெளியே வந்து அசையாமல் நின்றார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு நடக்கத் தெரிகிற வயதிலேயே சொல்லிவிடுவார்களாம், பைப்பைத் தட்டாதே என்று. எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை கண்ணைத் திறந்தார். என் கையிலிருந்த கல்லைப் பார்த்தார்.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் நின்றவர்களைப் பார்த்து, ஒண்ணுமில்ல, போங்க, பாப்பா தெரியாம தட்டிட்டா என்றார். எல்லோரும் உள்ளே போனார்கள். கிளாரா மட்டும் போக மனமில்லாமல் நின்று, அப்பன் மாதிரியே என்று ஏதோ ஆரம்பித்தார். அத்தை திரும்பிப் பார்த்ததும் போய்விட்டார்.

பிறகு அத்தை அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். கை மாவு காய்ந்து உதிர ஆரம்பித்தது.

"எதுக்குடி தட்டின?"

கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தேன்.

"பதில் வருதான்னு பாத்தியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"வந்திருந்தா?"

பயமா இருந்திருக்கும் என்றேன்.

அத்தை என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு மிக மெதுவாக, என்னிடம் சொல்வதா பைப்பிடம் சொல்வதா என்று தெரியாமல் சொன்னார்: "ஓடி வரும்போது எனக்கும் அதான். சந்தோஷம் வரும்னு நெனச்சிருந்தேன், இத்தினி வருஷமா. காலு பின்னாடி இழுக்குது. இத்தினி வருஷம் அந்த இருட்டுல கெடந்துட்டு ஒருத்தன் தட்டினா, அவனுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

உள்ளே போகும்போது இன்னொன்றும் சொன்னார். என் அப்பாவைப் பற்றி. திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"அவங்க சொல்றத கேக்காத. நின்னு போச்சுன்னு ஒங்கப்பன் சொல்லவே இல்ல. பைப்ப வுட்டு எழுந்திருக்கவே மாட்டேன்னான். காது மடலெல்லாம் புண்ணு. நான்தான் கையப் புடிச்சி இழுத்தேன்."

டிசம்பர் 3

நேற்று தெரியாமல் பட்டுவிட்டது என்று எழுதியிருக்கிறேன். தெரியாமல் படவில்லை. மூன்று தடவை தட்டினேன்.

காலையில் அத்தை ஊற்றுக்கு எங்களோடு வந்தார். அம்மா குடத்தை நிரப்பி இடுப்பில் தூக்கியதும் அத்தை சட்டென்று அதைப் பிடுங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார். தன் குடம் ஏற்கெனவே தலையில் இருந்தது. அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். அத்தை முன்னால் போய்விட்டார். கிளாரா ஊற்றடியில் இருந்தார். அம்மாவின் வயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முதல் தடவையாக ஒன்றும் சொல்லவில்லை.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததற்குக் காரணம் தண்ணீர் இல்லை. எனக்குத் தெரியும் என்று அம்மாவுக்குத் தெரியாது. ஏன் இந்தத் தடவை என்று இனி கேட்க மாட்டேன்.

நாளைக்கு என்ன சொல்வீர்கள் என்று அத்தையிடம் கேட்க நினைத்தேன். அப்பத்தைத் தின்னு, ஆறிடும் என்றார். அத்தையின் கண் சிவந்திருந்தது. நேற்றுச் சொன்னதெல்லாம் இன்று மாறியிருக்கலாம். மாறாமலும் இருக்கலாம். ஒருவர் பயந்தேன் என்று சொன்னதால் தம்பியை விட்டுக்கொடுத்துவிடுவார் என்று எப்படி நினைப்பது.

டிசம்பர் 4

பூசை முடிந்து சாப்பாடு முடிந்து, காலை ஷிப்டு ஏறி இரண்டாம் ஷிப்டு இறங்குகிற நேரத்துக்கு எல்லோரும் குழிவாய்க்குப் போனோம். அந்த நேரத்தில்தான் பெயர் கூப்பிடுவார்கள். காங்கிரீட் மூடியைச் சுற்றி வட்டமாக நின்றோம். அம்மாவுக்கு ஒரு பக்கம் நான், என் பக்கத்தில் அத்தை. அப்பா ஆண்களோடு எதிரே நின்றார். அவரைச் சுற்றிக் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது.

பிரகாசம் மாமா லைனையும் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் வந்தது. ஏறலை. ஏறலை. சில குரல் கிழவிகளுடையது, ஒன்று என் வயதுப் பையனுடையது. யாரும் அழவில்லை. பள்ளிக்கூடத்தில் வருகை சொல்வதுபோலத்தான் இருந்தது. அது அழுகையைவிட மோசம்.

"ஏழாம் லைன் மதலைமுத்து."

அம்மாவின் கை என் கையில் இருந்தது. அவள் வாய் அசைந்தது. எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா, ரெஜினா," என்றார் மாமா. "கீழ கேக்கணும்."

அம்மா என் கையை விட்டாள். ஓர் அடி முன்னால் போய் மூடியின் விளிம்பில் நின்று, குனிந்து, கீழே பார்த்துச் சொன்னாள்.

"ஏறிட்டார்."

நான் அத்தையைப் பார்த்தேன். எல்லோருமே அத்தையைத்தான் பார்த்தார்கள். அவர் வாய் திறந்தது. உள்ளே நாக்கு அந்த வார்த்தைக்காக எழுந்ததைக்கூடப் பார்த்தேன். மாமா மணிக்கம்பியில் கை வைத்தபடி காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. அப்பா தலையைக் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை வாயை மூடினார். முந்தானையைத் தலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, சரிவில் இறங்கிப் போய்விட்டார்.

மாமா மணியை ஒரே ஒரு தடவை அடித்தார். கேஜ் மேலே வந்து நின்றுவிட்டால் அடிக்கிற மணியாம் அது. பிறகு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

நாங்கள் திரும்பி வரும்போது அம்மாவும் நானும் முன்னால் நடந்தோம், அப்பா கொஞ்சம் பின்னால். அத்தை மூட்டை கட்டிக்கொண்டு போயிருப்பார் என்று நினைத்தேன். கதவைப் பூட்டியிருப்பார் என்றும் நினைத்தேன். லைன் திருப்பத்தில் எங்கள் வீட்டுப் பின்னாலிருந்து புகை வருவது தெரிந்தது.

அத்தை கல்லடுப்பில் அண்டாவை ஏற்றி ஊதிக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. "வெறகெல்லாம் ஈரம்," என்றார் எங்களைப் பார்க்காமல். "ஏறி வந்த ஆளு எவ்ளோ நேரம் நிப்பான்?"

எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பின்வாசல் படியில் உட்கார்ந்து, இந்த ஊருக்கு வந்த பிறகு முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள். ஷிப்டு முடிந்து ஏறி வருகிறவருக்கு முதலில் சுடுதண்ணீர், அப்புறம் சோறு. ஒவ்வொரு நாளும் அப்படித்தானாம். ஏறிட்டார் என்று சொன்ன வீட்டில் கடைசியாக ஒரு தடவை அதைச் செய்ய வேண்டும். செய்ய ஆள் இருந்தால்.

அப்பா வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார். இத்தனை நாளும் அவர் அதைத் தாண்டவில்லை. அத்தை ஊதுகுழலைக் கீழே வைத்தார்.

"இன்னாசி, அங்கியே நின்னா எப்படி? அண்டாவ யாரு எறக்குவா, அவளா? அவ தூக்கக் கூடாது."

அப்பா உள்ளே வந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அண்டாவை இறக்கிக் குளிக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். விரலை விட்டுச் சூடு பார்த்தார். பக்கத்திலிருந்த பச்சைத் தண்ணீர்க் குடத்தை எடுத்தார்.

"ஊத்தாத. அவனுக்குச் சூடா இருக்கணும்."

"தெரியும்க்கா," என்று அப்பா குடத்தைத் திரும்ப வைத்தார். "அண்ணன் கொதிக்கக் கொதிக்கத்தான் ஊத்திப்பாரு."

அம்மா எழுந்து போய்த் தட்டில் சோறு போட்டு, கருவாட்டுக் குழம்பு ஊற்றி, மூடி வைத்தாள். மலைக்குப் பின்னால் வெயில் போய்விட்டது. வானத்தில் மட்டும் இன்னும் வெளிச்சம் இருந்தது. அத்தை ஒரு புதுத் துண்டை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

"வீட்டுல சின்னது நீதான். நீதான் குளிக்கக் கூப்புடணும்."

நான் மூன்று பேரையும் பார்த்தேன். எப்படிக் கூப்பிடுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. இந்த நோட்டில் இத்தனை நாள் அவர், அவர் என்றே எழுதியிருக்கிறேன். என் அப்பாவுக்கு அவர் அண்ணன் என்றால் எனக்கு என்ன முறை என்று மனதுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தேன்.

குழிவாய் இருக்கிற பக்கம் திரும்பினேன். கீழே கேட்கணும் என்று மாமா சொன்னது ஞாபகம் வந்தது. சத்தமாகவே கூப்பிட்டேன்.

"பெரியப்பா, தண்ணி காஞ்சிருச்சு. வாங்க."

அப்பா சொம்பால் மொண்டு கல்லின் மேல் ஊற்ற ஆரம்பித்தார். ஒருவர் தலையில் ஊற்றுகிற உயரத்திலிருந்து, நிதானமாக. ஆவி எழுந்தது. அண்டா காலியாகும்வரை நான் துண்டை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.